சவுக்கு மரத்தைச் சுற்றிய கொடி

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கணத்துக்கென்று தனி நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கங்கள் முழுக்க ‘ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்’. சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைப்பர்பொலி, ஆக்ஸிமோரான், அப்பாஸ்ட்ரஃபி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இலக்கணம், ஒரு வரி எடுத்துக்காட்டு. எல்லாம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்திலிருந்து சார் கரும்பலகையில் எழுதிப் போட்டவை. வகுப்பில் அந்தப் புத்தகம் அவரிடம் மட்டுமே இருந்தது. அட்டை கிழிந்து, செய்தித்தாள் ஒட்டி, நூலால் தைத்த பிரதி.

அந்தப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென் ஒரு நாவலாசிரியர் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். ‘போ ஜெஸ்ட்’ என்று 1924-இல் வெளிவந்து உலகம் முழுக்க விற்ற சாகச நாவல் அவருடையது. சகாராவின் மணலில் பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்து போராடும் சகோதரர்களின் கதை. எங்களுக்கு ரென் என்றால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்பவர், வரியில் இருக்கும் அணியின் பெயரை எழுதச் சொல்பவர். கதை சொல்லத் தெரிந்த ஒருவர் தயாரித்த பயிற்சியில், வரிகள் கதையிலிருந்தும் கவிதையிலிருந்தும் அறுத்தெடுக்கப்பட்டு, எண் போட்டு, தனித்தனியே நின்றன. அந்த வரி எந்தக் கவிதையில் இருக்கிறது, யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

ஆனாலும் அந்தக் காலத்துக்கு ஒரு காவல் இருந்தது. கவிதையை முழுதாகவோ முக்கால்வாசியோ மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். தாமஸ் க்ரேயின் ‘எலிஜி’ எங்களுக்குப் பாடம். 1751-இல் அச்சான கவிதை. ஒரு கிராமத்துத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் மாலை மங்குவதில் தொடங்கும். உழவன் வீடு திரும்புகிறான். களைப்பு உழவனுடையது. கவிஞர் அந்தக் களைப்பை எடுத்து அவன் நடக்கும் வழிக்குக் கொடுத்துவிடுகிறார். ‘ட்ரான்ஸ்ஃபர்ட் எபிதெட்’ என்று நோட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். அது ஏன் அப்படி என்று சார் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சொல்லித் தந்தது வரப்பு. நடவுக் காலத்தில் அப்பா இருட்டுகிற நேரத்தில் ஏர்மாடுகளை முன்னே விட்டுப் பின்னால் வருவார். நான் எதிர்கொண்டு போவேன். போகும்போது குறுகலாகத் தெரிந்த அதே வரப்பு, அவரோடு திரும்பும்போது முடிவதாகவே இராது. களைத்த மனிதனுக்குக் கால் வலிக்கிறது என்று தோன்றுவதைவிட, வழி நீண்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். வழியே அலுத்துக் கிடப்பதாகப் படும். வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த எலிஜி வரி அப்போது திறந்துகொண்டது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் வயலில் ஒருவன் நடந்ததும் கடலூருக்குத் தெற்கே என் அப்பா நடந்ததும் ஒரே வழியாயின. அணியின் பெயர் பரீட்சையோடு முடிந்த விஷயம். கவிதை வரி உள்ளே இருந்ததால், பெயருக்குப் பின்னால் இருந்த காரணம் தன் வேளையில் வந்து சேர்ந்தது.

இப்போது என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய பாடநூலைப் புரட்டும்போது மனம் நிறைகிறது. எங்கள் காலத்தில் ஆங்கிலக் கவிதை என்றால் இங்கிலாந்துக்காரர் எழுதியது. எங்களுக்கு டாஃபடில் பூ வந்தது, ஸ்கைலார்க் பறவை வந்தது. இரண்டையும் யாரும் கண்டதில்லை. இன்றைய தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் ஷேக்ஸ்பியரும் டென்னிசனும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா இருக்கிறார். குலோத்துங்கன் என்ற பெயரில் எழுதிய நம் வா. செ. குழந்தைசாமி இருக்கிறார், கல்கத்தாவின் தோரு தத் இருக்கிறார். தேர்ந்தெடுத்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தோரு தத்தின் கவிதை ஒரு சவுக்கு மரத்தைப் பற்றியது. கல்கத்தாவில் பாக்மாரி என்ற இடத்தில் அவர்கள் குடும்பத் தோட்டத்தில் நின்ற மரம். எங்கள் ஊரில் சவுக்கைத் தவிர வேறு மரம் உண்டா என்று கேட்கும்படி கடற்கரை நெடுகத் தோப்பு. பேத்தி பள்ளிக்குப் போகிற பேருந்து அந்தத் தோப்புகளின் நடுவேதான் போகிறது. சின்ன வயதில் அதன் காய்களைப் பொறுக்கி வந்து கோலத்தின் நடுவே வைத்தவள் அவள். நாங்கள் மரத்தடியில் வளர்ந்தோம். எங்களுக்கு அந்தக் கவிதை கிடைக்கவில்லை. அவளுக்கு மரமும் கிடைத்திருக்கிறது, கவிதையும் கிடைத்திருக்கிறது.

அவள் கையில் இருந்ததோ ஒரு கைடு. கவிதைக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு கட்டம்: இடப்பக்கம் வரி, வலப்பக்கம் அணியின் பெயர். வரிகள் கவிதையில் வரும் வரிசையில்கூட இல்லை. சிமிலி எல்லாம் ஒரு கூட்டம், பெர்சானிஃபிகேஷன் எல்லாம் ஒரு கூட்டம். அவள் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாங்கள் அந்த வயதில் இவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க மாட்டோம். சந்தேகம் வந்தால் அவளுக்குக் கைப்பேசி இருக்கிறது. வரியைத் தட்டினால் நொடியில் அணியின் பெயர் வந்து நிற்கிறது.

“முழுக் கவிதையையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுடா” என்றேன்.

“அது கேட்க மாட்டாங்க தாத்தா. இந்த வரிங்கதான் திரும்பத் திரும்ப வரும்.”

எனக்குக் கோபம் அவள்மேல் வரவில்லை. கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. அவளுக்கு முன் எழுதியவர்கள் வாங்கிய மதிப்பெண்கள் அதற்குச் சாட்சி. அரை நூற்றாண்டில் ஆங்கில வகுப்பில் எல்லாம் மாறியிருக்கிறது: கரும்பலகை மாறியது, புத்தகம் மாறியது, கவிஞர்கள் மாறினார்கள். அணியின் பெயரை எழுதச் சொல்லும் கேள்வி மட்டும் மாறவில்லை. எங்களிடம் பெயரோடு கவிதையும் தங்கியது. இவர்களிடம் கவிதை போய்ப் பெயர் தங்கியிருக்கிறது. அணிகளைக் கற்பிப்பதே கவிதையைக் காட்டத்தான். இன்று அந்தக் கற்பித்தலே கவிதையை மறைக்கிறது.

அன்று மாலை நாங்கள் இருவரும் அந்தக் கவிதையை முதலிலிருந்து படித்தோம்.

தொடக்கத்தில் ஒரு கொடி வருகிறது. மரத்தின் கரடுமுரடான உடலை உச்சி வரைக்கும் சுற்றி இறுக்கியிருக்கிறது. அழுந்திய இடங்களில் ஆழமான தழும்புகள். கவிஞர் அந்தக் கொடியை மலைப்பாம்பு போல என்கிறார். கைடு சொல்வது சரி, சிமிலிதான். ஆனால் சில வரிகள் தள்ளி அதே கொடி மறுபடி வருகிறது. வேறெந்த மரமும் இந்தப் பிடியில் பிழைத்திருக்காது. இந்த மரமோ ஓர் அரக்கனைப் போல நிமிர்ந்து நின்று, அந்தக் கொடியைக் கழுத்துத் துண்டாக அணிந்துகொண்டிருக்கிறது. கொடியில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்கள். பகலெல்லாம் பறவையும் தேனீயும். கைடு இதை வேறொரு கட்டத்தில் மெட்டஃபர் என்று போட்டிருந்தது.

“கொடி ஒண்ணுதானே? முதல்ல பாம்புன்னாங்க. இப்ப துண்டுன்னு ஏன் சொல்றாங்க?”

அவள் யோசித்தாள். இரண்டு வரியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் படித்தாள். கைடில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாததால், இரண்டும் ஒரே கொடி என்றே அவள் அதுவரை கவனித்திருக்கவில்லை.

“அது நெரிக்கத்தான் பாக்குது. மரம் சாகல. அதையே எடுத்துப் போட்டுக்குது” என்றாள்.

அதன்பின் தோரு தத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். 1856-இல் பிறந்தவர். அப்ஜு என்ற அண்ணன், ஆரு என்ற அக்கா. 1865-இல் அப்ஜு போய்விட்டார். குடும்பம் 1869-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பிரான்சில் படித்து, இங்கிலாந்தில் தங்கி, 1873-இல் கல்கத்தா திரும்பியது. அடுத்த ஆண்டே ஆருவும் காசநோயில் இறந்தார். அதே நோய் தோருவையும் பிடித்தது. 1877-இல், 21 வயதில், அவரும் போனார். சவுக்கு மரக் கவிதை இடம்பெற்ற நூல் 1882-இல் லண்டனில் அச்சானபோது எழுதியவர் உயிரோடு இல்லை. அந்தக் கவிதையின் நடுவில் அவரே சொல்லிவிடுகிறார்: மரத்தின் அழகுக்காக மட்டும் அது எனக்குப் பிரியமில்லை, அதன் அடியில் நாங்கள் சேர்ந்து விளையாடினோம், அவர்கள் இப்போது இல்லை என்று.

ஒரே வீட்டில் இரண்டு சாவு பார்த்துவிட்டு, நோய் தன்னையும் இறுக்குவதை அறிந்த ஒரு பெண், இறுக்கும் கொடியைப் பூத்த துண்டாக அணிந்து நிற்கும் மரத்தைப் பாடியிருக்கிறார். பாம்பு துண்டாக மாறும் அந்த இடத்தில்தான் கவிதை இருக்கிறது. சிமிலி ஒரு கட்டத்திலும் மெட்டஃபர் இன்னொரு கட்டத்திலும் இருந்தால் அந்த மாற்றம் எந்தக் கட்டத்திலும் இராது.

இன்னொரு இடம். தோட்டத்துக் குளத்தில் ஆம்பல் மலர்கள் விரிந்து கிடப்பதைக் கவிஞர் குவிந்த பனிக்கு ஒப்பிடுகிறார். கல்கத்தாவில் ஏது பனி? ஐரோப்பாவில் குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வந்தவரின் கண் அது. சொந்தத் தோட்டத்துக் குளத்தைப் பார்க்கும்போதும் தூரதேசம் அதில் தெரிகிறது. வங்கத்திலேயே இருந்துவிட்ட ஒருவர் வெண்மைக்கு வேறு எதையோ சொல்லியிருப்பார். ஓர் உவமை, அதைச் சொன்னவர் எங்கெல்லாம் வாழ்ந்தார் என்பதற்கும் தடயமாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போன்றது. காற்றில் அந்த மரம் எழுப்பும் முனகலைத் தோரு தத், கூழாங்கல் கரையில் அலை வந்து உடையும் ஓசைக்கு ஒப்பிடுகிறார். அது மரத்தின் புலம்பல் என்கிறார். இறந்தவர்கள் இருக்கும் அறியாத நாட்டுக்கும் அது எட்டக்கூடும் என்கிறார். சவுக்குத் தோப்புக்குள் இரவில் படுத்தவர்களைக் கேளுங்கள்: எது தோப்பின் ஓசை, எது கடலின் ஓசை என்று பிரிக்க முடியாது. சவுக்கின் ஊசி இலைகளுக்கிடையே காற்று புகுந்தால் ‘ஓ’ என்று ஒரே நீளமாக வரும். கடலூர் மாவட்டக் கரையில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு இந்த ஒப்புமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. லண்டனில் இதை வாசித்தவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்பது: இந்த வரியில் அமைந்துள்ள அணி யாது?

என் மனக்குறைக்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. இதற்கான வழி நம் பள்ளியில், அதே நாளில், அடுத்த பாடவேளையில் இருக்கிறது. தமிழ் ஐயா அணி நடத்தினால் பெயரோடு விடமாட்டார். அணியின் இலக்கணம், சான்று, பிறகு அணிப்பொருத்தம். உவமை எது, உவமேயம் எது, உவம உருபு எது, இரண்டுக்கும் ஒப்புமை எங்கே என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். தற்குறிப்பேற்ற அணிக்கு எங்கள் ஐயா சிலப்பதிகாரத்தைத்தான் எடுப்பார். மதுரைக் கோட்டை மதிலில் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. அது இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் பார்த்து, இந்த ஊருக்குள் வராதீர்கள் என்று அவை கை காட்டுவதாக இளங்கோ சொல்கிறார். அது கவிஞர் ஏற்றிய குறிப்பு. இயல்பாக நடப்பது எது, கவிஞர் ஏற்றியது எது என்று இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். எழுதும்போதே, கோவலனுக்கு என்ன நேரப்போகிறது என்று அறிந்த ஒருவரின் பதற்றம் அந்தக் கொடிகளில் இருப்பது பிடிபட்டுவிடும்.

தோரு தத்தின் மரத்துக்கும் இதுவே பொருந்தும். காற்றில் ஓசை எழுவது இயல்பு; அது புலம்பல் என்பது கவிஞரின் குறிப்பு. ஆங்கிலத்திலும் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கடுமையாக யோசித்தவர்கள் உண்டு. ஜான் ரஸ்கின் 1856-இல், அதாவது தோரு பிறந்த ஆண்டில், துயரத்தில் கலங்கிய மனம் கடலுக்கும் மரத்துக்கும் தன் உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை ‘பதெடிக் ஃபாலஸி’ என்று பெயரிட்டு, அது எங்கே நேர்மையானது, எங்கே வெறும் பாவனை என்று ஆராய்ந்தார். தமிழ் வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளை எழுதும் அணிப்பொருத்தம் அந்த ஆராய்ச்சியின் வாசலில்தான் நிற்கிறது. மணி அடித்து ஆங்கில வகுப்பு தொடங்கியதும் அதே பிள்ளை ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது.

தொல்காப்பியர் உவமவியலில், உவமை எதை அடியாகக் கொண்டு பிறக்கிறது என்று கேட்டு, வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொன்னார். செயலால் ஒப்புமையா, விளைவால் ஒப்புமையா, வடிவாலா, நிறத்தாலா? இதை ஆங்கிலக் கவிதைக்கு வைத்துப் பார்க்க யார் தடுத்தார்கள்? பேத்தியிடம் வைத்துப் பார்த்தேன். ஆம்பலும் பனியும் நிறத்தால் ஒன்று, அதில் அவளுக்குத் தயக்கமில்லை. கொடியும் பாம்பும் வடிவால் என்று முதலில் சொன்னாள். பிறகு, இல்லை, இறுக்குகிற வேலையால் என்றாள். இரண்டும் சேர்ந்து வரக்கூடாதா என்று கேட்டாள். தொல்காப்பியரே அவை கலந்தும் வரும் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். வடமொழியில் காவ்யாதர்சம் செய்த தண்டி பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவர். அதைத் தழுவி வந்த தமிழ்த் தண்டியலங்காரம் பொருளணிகள் 35-ஐ வகுத்து விளக்குகிறது. அணியைப் பற்றி யோசிப்பதில் நாம் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டியவர்கள் இல்லை.

ஆங்கிலேயர்களும் அணியைப் பெயர்ப்பட்டியலாகக் கற்கவில்லை. லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்காக எராஸ்மஸ் 1512-இல் ‘டி கோப்பியா’ என்று ஒரு நூல் எழுதினார். உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்ற ஒரே கருத்தை லத்தீனில் நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் சொல்லிக் காட்டினார். உவமை வைத்து, உருவகம் வைத்து, மிகைப்படுத்தி, குறைத்து, கேள்வியாக்கி. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில் அணி என்றால் செய்து பழக வேண்டிய கைத்தொழில். 1577-இல் ஹென்றி பீச்சம் அணிகளைத் தொகுத்து ஆங்கிலத்திலேயே ஒரு பெரிய நூல் வெளியிட்டபோது ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியருக்கு வயது 13. உலகம் ஒரு நாடகமேடை என்று தொடங்கி, மனித வாழ்வை ஏழு பருவமாக்கி, பள்ளிச் சிறுவனுக்கு நத்தையையும் காதலனுக்கு உலையையும் போர்வீரனுக்குச் சிறுத்தையையும் உவமையாக வைத்த கை, இப்படிப்பட்ட பயிற்சியில் பழகியது. அந்தப் பகுதியும் என் பேத்தியின் பாடத்தில் இருக்கிறது. அவளுக்கு அது ஐந்து வரி, ஐந்து விடை.

அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், மார்ச் மாதம் நெருங்கும்போது, ஓர் ஆசிரியர் எவ்வளவுதான் செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். திருத்துகிறவர் மேசையில் விடைத்தாள் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. ஒற்றைச் சொல் விடை என்றால் சரி, தவறு என்று உடனே போட்டுவிடலாம்; ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பத்து விதமாக எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொந்தமாக எழுதத் தடுமாறும் முதல் தலைமுறை மாணவனுக்கு அந்த ஒற்றைச் சொல் தரும் மதிப்பெண் தேர்ச்சிக்கான படி. அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. பெயர் தெரிந்திருப்பதும் நல்லதே. பெயர் தெரிந்த பறவையைக் கூட்டத்தில் எளிதாகக் கண்டுகொள்கிறோம்.

ஆனால் பெயரைச் சொல்லும் வேலையை இன்று பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் கருவியே செய்துவிடுகிறது. அதற்காக ஒரு தலைமுறையைப் பழக்குவதில் இனிப் பயன் இல்லை. கருவி சொல்லும் விடைக்கு மேலே ஒரு வாக்கியம், இந்த ஒப்புமை எனக்கு ஏன் பொருத்தமாகப் படுகிறது என்று தன் கண்ணாலும் காதாலும் கண்டு எழுதும் ஒரு வாக்கியம், அதுதான் பிள்ளை தானாகக் கொண்டுவர வேண்டியது. எங்கள் கரையோரப் பிள்ளையிடம் அந்த வாக்கியம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் கேட்டால் வரும். தமிழில் கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும்; பிறகு அவளே அதை ஆங்கிலத்தில் எழுதுவாள்.

ஆங்கில ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அணியின் பெயருக்கு ஒரு மதிப்பெண் இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு மதிப்பெண்ணைத் தமிழ்த்தாளில் இருப்பதுபோல் அணிப்பொருத்தத்துக்கு ஒதுக்குங்கள். விடை ஒன்றேதான் என்று வரையறுக்காமல், பொருந்தச் சொன்னால் மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் எழுதிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் பணியாற்றுகிறவர்கள் தோரு தத்தை நடத்தும் நாளில் பிள்ளைகளை ஒரு பாடவேளை சவுக்குத் தோப்புக்கு அழைத்துப் போங்கள். பெற்றோர்கள், வீட்டில் பிள்ளை அணிக் கட்டத்தை ஒப்பிக்கும்போது, கவிதையை முதல் வரியிலிருந்து ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லி உடன் உட்காருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், ஏன் என்று கேளுங்கள். மீதியைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லும்.